கரியும் மருந்தும்

நீர்ப்பூக்களைப் பற்றிப் பேசுவதில் நம் இலக்கியம் சலித்ததே இல்லை. தாமரை, ஆம்பல், குவளை, நெய்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு, நிறம் உண்டு, மலரும் பொழுதும் உண்டு. நீர்மட்டம் உயர உயர மலரின் தண்டும் நீள்வதை மனிதரின் ஊக்கத்துக்கு உவமையாக்கினார் வள்ளுவர். இந்தப் பூக்கள் அனைத்துக்கும் பொதுவான பண்பு ஒன்று இருக்கிறது. வேர் சேற்றில் கிடந்தாலும் இவற்றின் இலை காற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நீருக்குள் முளைத்து, நீருக்குள் தழைத்து, காற்றை ஒருபோதும் தொடாமலே வாழ்ந்து முடிக்கும் செடிகளை நாம் பெரும்பாலும் ‘பாசி’ என்னும் ஒற்றைச் சொல்லில் அடக்கிவிட்டுக் கடந்து போயிருக்கிறோம். கண்ணாடித் தொட்டியில் மீனோடு செடியும் வளர்க்கப் புகுந்தவர்களுக்கு இடர் தொடங்குவது சரியாக இந்த இடத்தில்தான்.

மூழ்கி வாழும் செடிக்கு அப்படி என்ன குறை என்று கேட்கலாம். நீருக்குக் குறைவில்லை. ஒளியை விளக்கு தந்துவிடும். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மீனின் கழிவிலிருந்தோ புட்டி உரத்திலிருந்தோ கிடைத்துவிடும். குறைவது கரி. செடியின் உலர்ந்த உடலில் ஏறத்தாழப் பாதி எடைக்குச் சற்றுக் குறைவாகக் கரிதான் இருக்கிறது. தரைச்செடி அதைக் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நீரிலும் அவ்வாயு கரைந்திருக்கிறது என்றாலும், அது நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இலையை ஒட்டியுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் இருந்த வாயுவைச் செடி உண்டு முடித்தபின், அடுத்த கவளம் வந்து சேர நெடுநேரம் ஆகிறது. ஊர்க் கிணற்றில் ஊற்று மெல்லச் சுரக்கையில் குடத்தோடு காத்திருப்பவரின் நிலைதான் அதற்கும்.

‘கரியமில வாயு’ என்ற சொல்லைச் சற்றே பிரித்துப் பார்க்கலாம். கரி, அமிலம், வாயு. எரிந்த கரியிலிருந்து வருவது, நீரில் கரைந்தால் அதன் ஒரு சிறு பங்கு அமிலமாவது, இயல்பில் வாயுவாக இருப்பது என்ற மூன்று செய்திகளும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. பின்னாளில் பாடநூல்கள் ‘கார்பன் டை ஆக்சைடு’ என்பதற்கு மாறிக்கொண்டபோதும், பழைய பெயரின் மீது எமக்குள்ள பற்று குறையவில்லை. பொருளின் குணத்தை ஒளிக்காமல் சொல்லும் பெயர்கள் குறைவு. இக்கட்டுரைக்குக் காரணமாக அமைந்ததோ அதற்கு நேர் எதிரான ஒரு பெயர். அதற்குப் பிறகு வருவோம்.

நீருக்குள் கரியமில வாயுவைக் கரைக்கும் வழியைக் கண்டவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. லீட்ஸ் நகரில் அவர் வாழ்ந்த வீட்டுக்கு அருகில் ஒரு மதுவடிசாலை இருந்தது. நொதிக்கும் தொட்டிகளின் மேல் தேங்கிநின்ற வாயுவை 1767இல் அவர் நீரில் கரைத்துப் பார்த்தார். 1772இல் அதன் செய்முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். நாம் வெயிலில் நின்று குடிக்கும் கோலி சோடாவின் மூதாதை அந்த நீர்தான். அதே பிரீஸ்ட்லிதான் 1771இல், மெழுகுவத்தி எரிந்து கெட்டுப்போன காற்றைப் புதினாச் செடி மீண்டும் நல்ல காற்றாக்குகிறது என்று காட்டியவர். அவருக்குப் பின் 1779இல் யான் இங்கன்ஹவுஸ், இலைகளை நீருக்குள் அமிழ்த்தி வெயிலில் வைத்து, பசிய பகுதிகளே வெளிச்சத்தில் குமிழி விடுகின்றன என்று கண்டார். ஜெனீவாவைச் சேர்ந்த ழான் செனெபியே 1782இல் இன்னோர் அடி முன்னேறி, நீரில் கரியமில வாயு கரைந்திருந்தால்தான் அந்தக் குமிழிகள் வருகின்றன என்று காட்டினார். ஒளிச்சேர்க்கையின் முதற்பாடங்களே இவ்வாறு நீருக்குள் மூழ்கிய இலைகளிடமிருந்து கற்கப்பட்டவை. தொட்டிச் செடிக்கு வாயு செலுத்துவதை ஏதோ புதுமோகம் என்று எண்ணுவோர்க்காக இவ்வளவும் சொல்ல வேண்டியிருந்தது.

இதைக் கலையாக வளர்த்தவர் சப்பானின் நிகாதா பகுதியைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015). மிதிவண்டிப் பந்தய வீரராக இருந்து நிழற்படக் கலைஞரானவர். 1982இல் தமக்கென ஒரு நிறுவனம் தொடங்கி, மலைச்சரிவும் புல்வெளியும் போன்ற காட்சிகளைத் தொட்டிக்குள் அமைத்தார். அவருடைய படங்களைப் பார்த்தவர்களுக்கு இரண்டு நினைவிருக்கும்: அடிமண்ணை மூடிய பசும்புல் விரிப்பு, இலை நுனியில் முத்தாகத் திரண்டு மேலேறும் உயிர்வளிக் குமிழிகள். இரண்டுக்கும் பின்னால் ஓர் உருளை இருக்கிறது. அதில் அடைத்த கரியமில வாயு அழுத்தச் சீராக்கி, ஊசி வால்வு, குமிழி எண்ணும் குப்பி ஆகியவற்றின் வழியே வந்து, பீங்கான் தட்டொன்றின் நுண்துளைகளில் புகையாகச் சிதறி நீரில் கரைகிறது. விளக்கு எரியும்போது மட்டும் வாயு வரும்படி மின்காந்த வால்வு ஒன்றும் இருக்கும். இரவில் செடி உண்பதில்லை, மூச்சுவிடுவது மட்டுமே.

இத்தனை கருவிக்கும் ஆகும் செலவு எளியதன்று. அந்த இடைவெளியில்தான் ‘லிக்விட் கார்பன்’ வந்து நின்றது. தமிழில் சொன்னால், திரவக் கரி. உருளை வேண்டாம், வால்வு வேண்டாம், காலையில் ஒரு மூடி அளவு ஊற்றினால் போதும், செடிக்கு வேண்டிய கரி கிடைத்துவிடும் என்பதே விற்பவர் கூற்று.

எங்கள் இல்லத்தைப் பற்றி இங்கே ஓரிரு சொல். எங்களுள் ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறோம். மற்றவர் இருபது ஆண்டுகளாக மருத்துவமனைச் செவிலியர். கூடத்தில் நூறு லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்று இருக்கிறது. பள்ளியில் படிக்கும் மகளின் வேண்டுகோளால் வந்தது. வந்த ஆறு மாதத்தில் அவள் அதை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விட்டாள். மாலையில் பணி முடிந்து வந்து, விடைத்தாள் கட்டைப் பிரிக்குமுன் அரைமணி நேரம் அதன் எதிரில் அமர்வது எங்கள் வழக்கமாயிற்று. ஆகவே திரவக் கரி பற்றிய பேச்சு எங்கள் காதுக்கும் வந்து சேர்ந்தது இயல்பே.

புட்டிக்குள் இருக்கும் பொருள் என்னவென்று பார்த்தால், அது குளூட்டரால்டிஹைடு என்னும் சேர்மம், அல்லது அதனின்று பெற்ற நெருங்கிய உறவுப் பொருள். ஐந்து கரி அணு, எட்டு ஹைட்ரஜன் அணு, இரண்டு ஆக்சிஜன் அணு கொண்டது. அதில் கரி இருக்கிறது என்பது மெய். சர்க்கரையிலும் கரி இருக்கிறது, மண்ணெண்ணெயிலும் இருக்கிறது. ஒரு பொருளில் கரி இருப்பதும் அது செடிக்கு உணவாவதும் வேறு வேறு. செடிக்குள் நடக்கும் வேதிவினைகளில் இடைநிலையில் தோன்றும் பொருள்களை இது ஒத்திருப்பதால் செடி இதை நேரே பயன்படுத்திக்கொள்ளும் என்பது தயாரிப்பாளர் தரப்பு விளக்கம். அது முற்றும் சரியென்றே வைத்துக்கொண்டு, அளவை மட்டும் பார்ப்போம். படிப்பவர் பொறுத்தருள்க, கொஞ்சம் கணக்கு வரும்.

புட்டியில் நூற்றுக்கு 2 பங்கு குளூட்டரால்டிஹைடு இருப்பதாகத் தாராளமாகவே கொள்வோம். பொதுவாகச் சொல்லப்படும் அளவு 200 லிட்டர் நீருக்கு நாளொன்றுக்கு 5 மில்லி. அந்த 5 மில்லியில் 100 மில்லிகிராம் சேர்மம் இருக்கும். அதன் எடையில் கரியின் பங்கு 60 விழுக்காடு. ஆக 60 மில்லிகிராம் கரி. அது 200 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். மறுபுறம், வாயு செலுத்தும் தொட்டியில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் கரியமில வாயு இருக்கும்படி வைப்பது வழக்கம். அவ்வாயுவின் 44 பங்கில் 12 பங்கு கரி என்பதால், லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல். அதாவது 27 மடங்கு. புட்டிக் கரி நாளுக்கு ஒருமுறை ஊற்றப்படுவது. உருளை வாயுவோ விளக்கு எரியும் நேரமெல்லாம் குறையக் குறைய நிரம்பிக்கொண்டே இருப்பது. இன்னும் ஒன்று: வாயுவே செலுத்தாத தொட்டியிலும் மீன்களின் மூச்சாலும், மட்கும் பொருள்களாலும் லிட்டருக்கு 2 அல்லது 3 மில்லிகிராம் கரியமில வாயு பெரும்பாலும் இருக்கும். 3 மில்லிகிராம் என்றால் அதிலுள்ள கரி 0.8 மில்லிகிராம். மீன்கள் விலையின்றித் தருவதில் பாதிகூட அந்தப் புட்டி தருவதில்லை.

அப்படியானால் ஊற்றியவர்கள் செடி செழித்தது என்று சொல்வது பொய்யா? அதுவும் மெய்தான். குளூட்டரால்டிஹைடு புரதங்களைப் பிணைத்து இறுக்கும் இயல்புடையது. இலைமேல் படரும் மெல்லிய பாசியின் உயிரணுக்கள் அந்தப் பிடியில் மடிகின்றன. பாசி நீங்கிய இலைக்கு ஒளி கிடைக்கிறது. செடி தெளிவாகத் தெரிகிறது. உண்ட கரியால் செழித்ததாகத் தோன்றுவதில் பெரும்பங்கு, களை அகன்றதால் வந்த செழிப்பு. எல்லாச் செடிகளும் இந்த மருந்தைத் தாங்குவதும் இல்லை. வாலிஸ்நேரியா என்னும் நாடாப் புல், ரிச்சியா, சிலவகைப் பாசங்கள் ஆகியன இதனால் கரைந்து போகின்றன. வேடிக்கை என்னவெனில், 1850இல் இலண்டனில் இராபர்ட் வாரிங்டன் தங்கமீன்களையும் நத்தைகளையும் வைத்துச் சமன்பட்ட முதல் தொட்டிகளில் ஒன்றை அமைத்தபோது துணைக்கு வைத்தது இந்த வாலிஸ்நேரியாவைத்தான். நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்பிலிருந்தே கரியை எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு உண்டு. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர்போன்ற கடின நீரில் அதற்கு உருளையும் வேண்டாம், புட்டியும் வேண்டாம். கரிக்குப் பஞ்சமே இல்லாத செடி, கரி என்று பெயரிட்ட ஒன்றை ஊற்றினால் மடிகிறது.

இவ்வளவும் நூலறிவு. இனி வருவது எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்தது.

எம் மாணவர் ஒருவர், இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு, வகுப்பு முடிந்தபின் மாலையில் அலங்கார மீன் கடையொன்றில் வேலை செய்துவந்தார். சென்னையில் கொளத்தூரும் அதன் சுற்றுப்புறமும் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. அப்பகுதி மாணவர் பலருக்கு இது கைச்செலவுக்கு வழி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர். தேர்வுக்கட்டணம் கட்டும் மாதங்களில் இரவு பத்துமணி வரை கடையில் நிற்பார். நூலொன்றைத் திருப்பித் தர அவர் வீட்டுக்கு வந்திருந்தபோது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வறட்டு இருமல் இருமினார். கண்கள் சிவந்திருந்தன.

“எத்தனை நாளா இருமல், தம்பி?” என்று எம் துணைவியார் கேட்டார்.

“ரெண்டு மாசமா இருக்கும்மா. ராத்திரியிலதான் சாஸ்தி. ஞாயித்துக்கிழமை லீவு விட்டா குறைஞ்சிடுது.”

விடுமுறையில் குறையும் இருமல் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கடையில் என்ன வேலை என்று விசாரித்தார். மீன் பிடித்துக் கொடுப்பது, தொட்டி கழுவுவது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியாக, “லிக்விட் கார்பன் நிரப்புவேன்மா. அஞ்சு லிட்டர் கேன்ல வரும். சின்னச் சின்ன பாட்டில்ல ஊத்தி லேபிள் ஒட்டணும்” என்றார்.

“அந்த கேனோட ஒரு பொடி பாக்கெட் வருமா?”

மாணவர் வியந்துபோனார். “வரும்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்? அதத் தூக்கிப் போட்டுடச் சொல்லுவாங்க.”

எம் துணைவியாருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும். பணிக்காலத்தின் தொடக்கத்தில் நான்கு ஆண்டுகள் அவர் ஒரு மருத்துவமனையின் எண்டோஸ்கோப்பிப் பிரிவில் இருந்தார். வயிற்றுக்குள் செலுத்தி எடுத்த குழாய்களைக் கொதிநீரில் இட முடியாது; கெட்டுவிடும். அவற்றை நூற்றுக்கு 2 பங்கு குளூட்டரால்டிஹைடு கரைசலில் ஊறவைப்பார்கள். கரைசல் கேனில் வரும்போது சற்று அமிலத்தன்மையோடு அடங்கியிருக்கும்; உடன் வரும் காரப்பொடியைக் கலந்தபின்பே முழு வீறும் பெறும். அழுகிய ஆப்பிளை ஒத்த நெடி. காற்றோட்டமற்ற சிறு அறையில், நாளுக்கு எட்டுமணி நேரம் அதன் அருகில் நின்றவருக்கு இரண்டாம் ஆண்டிலேயே கண்ணெரிச்சலும், நான்காம் ஆண்டில் பணி முடியும் வேளையில் மூச்சிரைப்பும் வந்தன. வேறு பிரிவுக்கு மாற்றம் கேட்டுப் பெற்றபின் மெல்லச் சீரானது. ஆனால் அந்நெடியை இன்றும் மெலிதாக முகர்ந்தாலே நெஞ்சு இறுகும். இப்பொருளால் தொழில்வழி ஆஸ்துமா வருவது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. பிரித்தானியாவில் பணியிடக் காற்றில் இதற்கு வைத்துள்ள வரம்பு பத்து இலட்சத்தில் 0.05 பங்கு. பல மருத்துவமனைகள் இதைக் கைவிட்டு வேறு கரைசல்களுக்கு மாறிவிட்டன. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை பூண்டுவிட்டால், பிறகு சிறிதளவும் தாளாது.

மருத்துவமனையில் கையுறையும் முகக்காப்பும் அணிந்து கையாளும் அதே கரைசலைத்தான் எம் மாணவர் கதவடைத்த பின்கட்டு அறையில், வெறுங்கையால், புனல் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். விரல்நுனிகள் பழுப்பேறித் தடித்திருந்தன. அதற்கும் விளக்கம் உண்டு. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களின் தொழிலான தோல் பதனிடுதலில் குளூட்டரால்டிஹைடும் ஒரு பதனிடு பொருள். இறந்த ஆட்டின் தோலுக்கு அது செய்வதை, உயிருள்ள மாணவரின் விரல்தோலுக்கும் செய்துகொண்டிருந்தது.

“கார்பன்னு போட்டிருக்கவும் ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன், ஐயா. கரிதானே” என்று எம்மைப் பார்த்துச் சொன்னார்.

அந்தச் சொல் அன்றிரவு முழுதும் எங்களை விடவில்லை. கரிதானே. அடுப்புக்கரி, பல்துலக்கிய கரி, பாட்டி அரைத்துக் கொடுத்த கரி என்று நம் மக்களுக்குக் கரி அச்சந்தரும் பொருளாக இருந்ததே இல்லை. அந்தப் பழக்கமான நம்பிக்கையைத்தான் புட்டியின் பெயர் பயன்படுத்திக்கொள்கிறது. கரி என்று ஒன்றைச் சொன்னால் கையுறை யாரும் தேடமாட்டார்.

இதை நினைக்கையில் தமிழின் வேறொரு சொல் எங்களுக்கு முன்வந்து நின்றது: மருந்து. நோய் தீர்ப்பதும் மருந்து. வயலில் பூச்சிக்கு அடிப்பதும் மருந்து. வெடியில் திணிப்பதும் மருந்து. ‘மருந்தடிக்கப் போயிருக்கிறார்’ என்றால் உழவர் தெளிப்பானோடு வயலுக்குப் போயிருக்கிறார் என்று பொருள். ‘மருந்தைக் குடித்துவிட்டார்’ என்று ஊரில் யாரேனும் ஓடிவந்து சொன்னால் எவரும் அது காய்ச்சல் மருந்தா என்று கேட்பதில்லை. ஒரே சொல் காப்பதையும் கொல்வதையும் குறிப்பது மொழியின் குறை என்று வகுப்பில் சில மாணவர்கள் சொல்வதுண்டு. எங்களுக்கு அது நெடுநாள் பட்டறிவாகத் தோன்றுகிறது. மருந்து என்று கேட்டவுடன் நம் மக்கள் அளவைக் கேட்பார்கள், எத்தனை வேளை என்று கேட்பார்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பரண்மேல் வைப்பார்கள். எச்சரிக்கை அந்தச் சொல்லோடு கூடவே வருகிறது. கடைக்காரர்கள் வாய்ப்பேச்சில் அந்தப் புட்டியைப் ‘பாசி மருந்து’ என்றும் சொல்வதுண்டு என்று மாணவரே கூறினார். அச்சிட்ட பெயரைக் காட்டிலும் அந்த வாய்ப்பேச்சே பொருந்தும்.

உருளை வாயுவுக்குப் பரிந்து இவ்வாறு எழுதுவதாக எவரும் கருத வேண்டா. அதன் இடர்களும் சிறியவை அல்ல. அறை வெப்பத்தில் உருளைக்குள் இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 60 மடங்குக்கு மேல். 31 பாகைக்கு மேல் வெப்பம் ஏறினால் உள்ளே அது திரவமாகவே நிற்பதில்லை. அழுத்தம் விரைந்து ஏறுகிறது. சென்னையின் மே மாதத்தில் எந்த அறை 31 பாகைக்குக் கீழே இருக்கிறது? எனவே உருளையை விளிம்புவரை நிரப்பாமல், உரிய ஆய்வு முத்திரை உள்ளதா என்று பார்த்து, வெயில்படாத இடத்தில் சாயாதபடி கட்டிவைக்க வேண்டும். 2 கிலோ வாயு முழுதும் கசிந்தால் ஏறத்தாழ 1,100 லிட்டர் ஆகும். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி கொண்ட அடைத்த அறையில் அது 4 விழுக்காட்டளவு வரும். தலைவலிக்கும் மூச்சிரைப்புக்கும் அவ்வளவு போதும். நிறமும் நெடியும் இல்லாத இவ்வாயு காற்றினும் கனமானது. 1986 ஆகஸ்டு 21ஆம் நாள் காமரூன் நாட்டின் நியோஸ் ஏரியின் ஆழத்திலிருந்து திடீரென வெளிப்பட்ட கரியமில வாயு, பள்ளத்தாக்குகளில் இறங்கிப் பரவி, உறங்கிக்கொண்டிருந்த ஏறத்தாழ 1,700 பேரை மாய்த்தது.

தொட்டிக்குள்ளும் அப்படியே. நீரில் இவ்வாயு மிகுந்தால் மீனின் குருதி உயிர்வளியை ஏந்தும் திறனை இழக்கிறது. மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாய்பிளந்து தவிக்கும். அதைக் காட்டிக்கொடுக்கத் தொட்டியின் உட்புறத்தில் ‘டிராப் செக்கர்’ என்னும் கண்ணாடிக் குமிழ் ஒன்றை ஒட்டுவார்கள். அதில் காரத்தன்மை அளவிட்ட நீரும் புரோமோதைமால் நீலம் என்னும் சாயமும் இருக்கும். வாயு குறைந்தால் நீலம், போதுமானால் பச்சை, மிகுந்தால் மஞ்சள். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். வாயுவின் இடர் யாருக்கும் மறைக்கப்படவில்லை. உருளையைப் பார்த்தவுடன் கை தயங்குகிறது. வால்வைத் திருப்புமுன் யாரையேனும் கேட்கத் தோன்றுகிறது. புட்டியைப் பார்த்து யாரும் தயங்குவதில்லை.

இரண்டும் இன்றிச் செடி வளர்க்க இயலாதா என்றால், தாராளமாக இயலும். கரியின் தேவையைத் தீர்மானிப்பது ஒளி. விளக்கைக் கூட்டக் கூட்டச் செடியின் பசி பெருகும். பசி பெருகிக் கரி கிடைக்காதபோது அந்த ஒளியைப் பாசி எடுத்துக்கொள்ளும். விளக்கைக் குறைத்தால் உள்ள கரியே போதுமானதாகிறது. அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் 1999இல் வெளியிட்ட நூலில், தோட்டத்து மண்ணை அடியில் பரப்பி, அது மட்குவதால் எழும் கரியமில வாயுவைக் கொண்டே தொட்டியை நடத்தும் முறையை விளக்கியிருக்கிறார். இலங்கையின் நீரோடைகளைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகொரைன் வகைகளில் வெண்டி, பெக்கெட்டி, வாக்கரி போன்றவை தணிந்த ஒளியிலும் பொறுமையாக வளர்பவை. அனுபியாஸ், ஜாவாப் பெரணி ஆகியனவும் அவ்வாறே. இவற்றால் அமானோவின் புல்விரிப்பு கிடைக்காது. ஆறு வாரத்தில் தொட்டி நிறையாது. ஓர் இலை விரிய இருபது நாள் ஆகும். எங்கள் தொட்டி இந்த வகையைச் சேர்ந்தது. காரணம் சிக்கனம் என்று சொன்னால் பாதி உண்மை. இந்த வீட்டில் ஒருவருடைய மூச்சு அந்த நெடியைத் தாங்காது என்பது மறுபாதி.

மாணவர் காரியத்துக்கு வருவோம். மறுநாளே எம் துணைவியார் அவரை நெஞ்சக மருத்துவரிடம் அனுப்பினார். அடுத்த சனிக்கிழமை நாங்கள் இருவரும் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் நல்ல மனிதர். கேனில் உள்ளது மருத்துவமனைக் கருவி கழுவும் கரைசல் என்று அவருக்குத் தெரியும். அதனால்தான் அது சுத்தமானது என்று எண்ணியிருந்தார். “ஆஸ்பத்திரியிலயே யூஸ் பண்றாங்களே மேடம்” என்றார். கொல்வதற்காகவே அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று எம் துணைவியார் பொறுமையாக விளக்கினார். தம் நான்கு ஆண்டுக் கதையையும் சொன்னார். கடைக்காரர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, அவருடைய மகனும் விடுமுறை நாட்களில் அதே அறையில்தான் புட்டி நிரப்புகிறான் என்றார்.

நிரப்பும் வேலை அன்றே பின்கட்டு அறையிலிருந்து திறந்த முற்றத்துக்கு மாறியது. நைட்ரைல் கையுறையும் கண்காப்பும் வாங்கப்பட்டன. இருமல் முற்றிலும் நிற்கும்வரை எம் மாணவர் அந்தப் பக்கமே போகலாகாது என்று மருத்துவர் சொன்னதால், அவரைச் செடிகள் கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். ஐந்தாறு வாரத்தில் இரவு இருமல் அடங்கியது. சோப்பு நெடிக்கும் சாம்பிராணிப் புகைக்கும் இன்னும் தும்முகிறார். அது நீங்குமா, நீங்காதா என்று காலம்தான் சொல்ல வேண்டும்.

புட்டியின் மேல் ஒட்டும் தாளைப் பற்றியும் பேசினோம். ‘பாசிக்கொல்லி’ என்று அச்சிடலாமே என்று கேட்டோம். கடைக்காரர் தலையசைத்து மறுத்தார். கொல்லி என்று எழுதிய ஒன்றை மீன் இருக்கும் தண்ணீரில் ஊற்ற யாருக்கும் மனம் வராது, வாங்கவும் மாட்டார்கள் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு பெயர் விற்பதற்காக வைக்கப்படுகிறது. அதே பெயர் கையாளுவோரைக் காக்கவும் வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. முடிவில் பெயர் அப்படியே இருக்கட்டும், அதன்கீழே தமிழில் எச்சரிக்கை சேர்க்கலாம் என்று அவர் இணங்கினார். வாசகத்தை எம் மாணவரே எழுதினார். மூன்றாண்டு யாப்பும் அணியும் படித்தவர், நான்கு முறை அடித்துத் திருத்தி, கடைசியில் அணி ஏதுமின்றி எழுதிக் கொண்டுவந்தார்: இது பாசி மருந்து. வெறுங்கையால் தொடாதீர்கள். முகராதீர்கள். அடைத்த அறையில் திறக்காதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இலக்கணப்பிழை பார்த்துத் தருமாறு கேட்டார். திருத்த ஒன்றும் இருக்கவில்லை.